பெட்டிக்குள் பாதி ஆட்டம்

சேர்த்து வைத்தவர்கள் – 17

தொண்ணூறுகளில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' ஆடியவர்களுக்கு அந்த அறை மறந்திருக்காது. முதல் கட்டத்தைத் தாண்டியதும் வரிசையாகக் குப்பிகள் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் ஆங்கில எழுத்து. இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல்லின் முதலெழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி என்று திரை சொல்லும். எதன் பக்கம்? நம் ஊரில் அந்த ஆட்டத்தை ஆடிய பலருக்கு அது கடைசிவரை தெரியாது. பிளாப்பியிலிருந்து பிளாப்பிக்கு நகலாகிக் கைமாறி வந்த ஆட்டம் அது. யாரோ எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டைப் பார்த்தோ, குருட்டாம்போக்கில் ஏதோ ஒன்றைக் குடித்தோதான் அந்த அறையைக் கடந்தார்கள். அந்தப் பக்கங்கள், புரோடர்பண்ட் நிறுவனம் ஆட்டத்தைப் போட்டு விற்ற அட்டைப்பெட்டியில், கையேடாக அச்சாகி இருந்தன. நமக்கு வந்து சேர்ந்தது பிளாப்பி மட்டும்தான்.

சென்ற வாரம் தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்களைப் பார்த்தோம். மேலே ஒட்டிய படம் போதும் அவர்களுக்கு. உள்ளே இருந்த குச்சி எங்கே போனால் என்ன? பெட்டியோடு கணினி விளையாட்டுகளைச் சேர்ப்பவர்கள் அப்படி விட்டுவிடுவதில்லை. பெட்டி, கையேடு, வரைபடம், பிளாப்பி, பதிவு அட்டை என்று கடையில் வாங்கிய அன்று என்னென்ன இருந்தனவோ அத்தனையும் அவர்களுக்கு வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் மனம் ஆறாது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வெறும் பிடிவாதமாகத் தெரியலாம். எண்பதுகளில் இந்த ஆட்டங்கள் எப்படி உருவாயின என்பதைப் பார்த்தால் அவர்கள் பக்கம் இருக்கும் நியாயம் விளங்கும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் இன்ஃபோகாம் என்று ஒரு நிறுவனம் இருந்தது. எம்.ஐ.டி.யில் இருந்தவர்கள் 1979-ல் தொடங்கியது. அவர்களுடைய ஆட்டங்களில் படமே கிடையாது. திரை முழுக்க எழுத்து. படிப்பவர் அடுத்துச் செய்ய வேண்டியதைத் தட்டச்சு செய்து கதையை நகர்த்துவார். 1982-ல் மார்க் பிளாங்க் அங்கே 'டெட்லைன்' என்ற துப்பறியும் ஆட்டத்தை எழுதினார். பணக்காரர் ஒருவர் தன் வீட்டு நூலக அறைக்குள் இறந்து கிடக்கிறார். கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஆடுபவர் உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும். சாட்சிகளின் வாக்குமூலங்கள், ஆய்வக அறிக்கை எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தபோது அன்றைய பிளாப்பியில் அவற்றுக்கு இடம் போதவில்லை. என்ன செய்தார்கள்? அவற்றைத் தாளில் அச்சடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெட்டியைத் திறந்தால் போலீஸ் கோப்பு ஒன்றைப் பிரித்தது மாதிரியே இருக்கும். தட்டச்சில் அடித்த விசாரணைப் பதிவுகள், ஆய்வக அறிக்கை, உடல் கிடந்த இடத்தைச் சுண்ணக்கோட்டால் காட்டும் புகைப்படம், ஒரு கடிதம், இவற்றோடு சின்ன பிளாஸ்டிக் பையில் வெள்ளை மாத்திரைகள். பிணத்தின் அருகே கிடந்தவையாம். தரையில் காகிதங்களைப் பரப்பிப் போட்டுக்கொண்டு, ஒருவர் சொன்னதையும் இன்னொருவர் சொன்னதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கணினிக்குத் திரும்ப முடியும். இந்த யோசனைக்கு ஒரு முன்னோடி உண்டு. டென்னிஸ் வீட்லி என்ற ஆங்கில எழுத்தாளர் 1936-ல் 'மர்டர் ஆஃப் மயாமி' என்ற குற்றக்கதையைக் கோப்பு வடிவத்தில், தொட்டுப் பார்க்கக்கூடிய தடயங்களோடு வெளியிட்டிருந்தார். இன்ஃபோகாம் அதைக் கணினியோடு இணைத்தது.

'டெட்லைன்' நன்றாக விற்றது. அதன்பின் ஒவ்வோர் ஆட்டத்தின் பெட்டியிலும் ஏதாவது ஒரு பொருளை வைப்பது இன்ஃபோகாமின் வழக்கமாகிவிட்டது. தொட்டு உணரும் பொருள் என்பதால் ஆங்கிலத்தில் 'ஃபீலீஸ்' என்று அவற்றுக்குச் செல்லப்பெயர் வந்தது. 'ஸ்டார்கிராஸ்' பறக்கும் தட்டு வடிவ பிளாஸ்டிக் கூட்டில் வந்தது. 'சஸ்பெண்டட்' பெட்டியின் முகப்பில் முகமூடி ஒன்று பதிந்திருந்தது. 1985-ல் வந்த 'விஷ்பிரிங்கர்' பெட்டிக்குள் இருட்டில் ஒளிரும் கல்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது 1984-ல் வந்த 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த கேலக்ஸி'. நாவலாசிரியர் டக்ளஸ் ஆடம்ஸும் இன்ஃபோகாமின் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் சேர்ந்து எழுதியது. ஆபத்து வரும்போது கறுத்துவிடும் கண்ணாடி என்ற பெயரில், எப்போதுமே எதுவும் தெரியாத கறுப்பு அட்டைக் கண்ணாடி ஒன்று அதில் இருக்கும். சட்டைப்பையில் சேரும் பஞ்சுத்தூசி கொஞ்சம் இருக்கும். வீட்டை இடிக்கும் உத்தரவு இருக்கும். கூடவே ஒரு வெறும் பிளாஸ்டிக் பை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய விண்வெளிக் கப்பற்படை இருப்பதாகக் கணக்கு!

வெறும் பையையும் பஞ்சையும் எந்த வீட்டில் பத்திரப்படுத்துவார்கள்? பெட்டியைத் திறந்த அன்றைக்கே அவை குப்பைக்குப் போயிருக்கும். இன்று இந்த ஆட்டத்தை முழுமையாக வைத்திருப்பதாக ஒரு சேகரிப்பாளர் சொன்னால், மற்றவர்கள் அந்த வெறும் பை இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் விளையாட்டு எதுவும் இல்லை. அந்தப் பை ஆடம்ஸின் நகைச்சுவையில் ஒரு வரி. அது இல்லாவிட்டால் எழுத்தாளன் எழுதிய ஒரு வரி இல்லை.

பறக்கும் தட்டுக் கூட்டை அலமாரியில் அடுக்க முடியாது என்பது கடைக்காரர்களுக்குத் தலைவலியாக இருந்தது. 1984 முதல் இன்ஃபோகாம் எல்லா ஆட்டங்களையும் புத்தகம் போல விரியும் ஒரே அளவுப் பெட்டிக்கு மாற்றியது. பழைய கூடுகள் அதோடு நின்றன. அதனால்தான் இன்று அவை இவ்வளவு அரிதாகிவிட்டன.

பெட்டிக்குள் பொருள் வைத்தது இன்ஃபோகாம் மட்டுமல்ல. டெக்சாஸில் ரிச்சர்ட் கேரியட் என்ற பையன் பள்ளிப் பருவத்திலேயே 'அகலபெத்' என்ற ஆட்டத்தை எழுதினான். அட்டைப்படத்தை அம்மா வரைந்து கொடுத்தார். பிளாப்பியையும் சில தாள்களையும் ஜிப்லாக் பையில் போட்டு, தான் வேலை பார்த்த கணினிக் கடையிலேயே விற்பனைக்கு மாட்டினான். பின்னாளில் 'அல்டிமா' வரிசையால் பெயர் பெற்ற அதே கேரியட்தான், 1982-ல் 'அல்டிமா 2' பெட்டிக்குள் துணியில் அச்சிட்ட வரைபடம் வேண்டும் என்று அடம்பிடித்தார். செலவு கூடும் என்று மற்ற நிறுவனங்கள் தயங்கின. சியரா ஆன்லைன் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 1985-ல் வந்த 'அல்டிமா 4' பெட்டியில் துணி வரைபடத்தோடு உலோகத்தில் செய்த 'அங்க்' என்ற பழைய எகிப்தியச் சின்னமும் இரண்டு நூல்களும் இருந்தன. மந்திரங்களுக்கு எந்தெந்தப் பொருளைக் கலக்க வேண்டும் என்பது அந்த நூல்களில் ஒன்றில்தான் இருக்கிறது. நூலைத் தொலைத்தவர் ஆட்டத்துக்குள் தட்டுத்தடுமாற வேண்டியதுதான்.

நகலெடுப்பதைத் தடுக்கவும் பெட்டியையே பயன்படுத்தினார்கள். 1990-ல் வந்த 'மங்கி ஐலண்ட்' பெட்டியில் ஒன்றின்மேல் ஒன்றாக நடுவில் பிணைத்த இரண்டு வட்ட அட்டைகள் உண்டு. மேல் அட்டையில் கடற்கொள்ளையர்களின் முகத்தில் பாதி, கீழ் அட்டையில் மீதிப் பாதி. திரையில் தெரியும் முகம் சேரும்வரை அட்டையைச் சுழற்ற வேண்டும். சேர்ந்ததும், திரை கேட்கும் ஊருக்கு நேரே உள்ள சிறு துளையில் ஓர் ஆண்டு தெரியும். அதைத் தட்டினால்தான் ஆட்டம் தொடங்கும். கள்ளப் பிரதியைத் தடுக்க வைத்த பூட்டுதான் இது. ஆனால் அதைக்கூட ஆட்டத்தின் சிரிப்போடு சேர்த்துச் செய்திருக்கிறார்களே, அதுதான் அழகு. இந்தச் சக்கரத்தின் நடுப்பிணைப்பு இறுக்கமாக இருக்கிறதா, மூக்கும் கன்னமும் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தாலே, அது எத்தனை கைகளில் சுழன்றிருக்கும் என்று தெரிந்துவிடும்.

ஆகவே பழைய ஆட்டத்தின் பிளாப்பியை மட்டும் படியெடுத்து வைத்துவிட்டு அந்த ஆட்டத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்வது, சோழியை எடுத்து வைத்துக்கொண்டு தாயக்கட்டத்தை அழித்துவிடுவது போல. இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஸ்டீபன் கேப்ரினெட்டி. மென்பொருளைப் பாதுகாக்கவென்று 1989-லேயே தனியாக ஓர் அமைப்பைத் தொடங்கியவர். 1995-ல் இளம் வயதிலேயே மறைந்தார். அவர் பெட்டியோடு சேர்த்து வைத்திருந்த ஏறத்தாழ 15,000 மென்பொருள்கள் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போயின. அங்கே பிற்பாடு வட்டுகளைப் படியெடுத்ததோடு நிற்காமல், பெட்டிகளையும் உள்ளே இருந்தவற்றையும் படம் பிடித்துப் பதிவு செய்தார்கள். ஒரு தனி மனிதரின் அலமாரி பல்கலைக்கழகத்தின் ஆவணமான கதை இது.

பெரிய பெட்டிகளின் காலம் 2000-ஐ ஒட்டி முடிந்தது. அதற்குள் குறுந்தகடு வந்துவிட்டது. கதையும் பேச்சும் படமும் ஒரே தகட்டில் அடங்கின. பெட்டிக்குள் காற்றுதான் மிச்சம். அலமாரியில் இடம் மிச்சமாக வேண்டும் என்று பெரிய கடைகள் நெருக்கின. பெட்டிகள் சிறுத்தன, டி.வி.டி. உறையாயின. 2003-ல், இணையம் வழியே ஆட்டங்களை வழங்கும் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் வந்தது. அடுத்த ஆண்டே 'ஹாஃப்-லைஃப் 2' வாங்கியவர்கள், கடையில் பெட்டியாக வாங்கியிருந்தாலும், ஸ்டீமில் கணக்குத் தொடங்காமல் ஆட முடியாது என்றாயிற்று. அதோடு பெட்டி வெறும் உறை என்று ஆகிவிட்டது.

பொருள் அரிதானால் விலை ஏறும், விலை ஏறினால் போலி வரும். 2022-ல் பெரிய பெட்டி சேகரிப்பாளர்களிடையே ஒரு பெரும் பரபரப்பு. எல்லோரும் மதித்த ஒரு மூத்த சேகரிப்பாளரிடமிருந்து வாங்கிய மிகப் பழைய ஆட்டங்கள் போலி என்று வாங்கியவர்கள் குற்றம்சாட்டினார்கள். அவர் மறுத்தார். 'அகலபெத்' போன்ற ஜிப்லாக் பைக் காலத்து ஆட்டங்களைப் போலியாகச் செய்வது எளிது. வீட்டில் வெட்டி ஒட்டியவைதானே அசலும்! போலியைக் காட்டிக்கொடுப்பது அச்சு. ஒரு கைலென்ஸை வைத்துப் பார்த்தால், அந்தக் கால ஆஃப்செட் அச்சில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், பூ விரிந்தாற்போல் அமைந்திருக்கும். இன்றைய வீட்டு பிரிண்டரில் வந்ததென்றால் புள்ளிகள் சிதறித் தெறித்திருக்கும். லேபிளின் விளிம்பு அச்சகத்தில் வெட்டியதா, கையால் கத்தரித்ததா என்பதும் தெரிந்துவிடும். அதனால் ஒரு பொருளை வாங்குவதற்கு முன் லேபிளைப் பெரிதாக்கிப் படமெடுத்து அனுப்பச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு உடன்பாடில்லாத ஒரு பக்கமும் இருக்கிறது. 2021 ஜூலையில் அமெரிக்க ஏலம் ஒன்றில் பிரிக்கப்படாத 'சூப்பர் மரியோ 64' பெட்டி ஒன்று 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அது நிண்டெண்டோ ஆட்டம், கணினி ஆட்டம் அல்ல. என்றாலும் அந்தக் காற்று இந்தப் பக்கமும் அடித்தது. பிரிக்காத பெட்டியைத் தடித்த அக்ரிலிக் கூட்டுக்குள் அடைத்து, மதிப்பெண் போட்டு, பங்குப் பத்திரம் போலக் கைமாற்றுகிறார்கள். படிப்பதற்கென்று அச்சிட்ட கையேட்டை யாரும் படிக்க முடியாமல் பூட்டி வைத்தபின் அதைச் சேகரிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெட்டிக்கும் அது நல்லதல்ல. மேலே சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் ஆண்டுகள் போகப்போக இன்னும் இறுகும். ஓர அட்டையை வளைத்துவிடும்.

அதைவிட, யாரோ ஒரு பையன் கையேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்த விடைகளோடு, தான் நடந்த சுரங்கப் பாதையைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து மடித்து உள்ளே வைத்த தாளோடு வரும் பழைய பெட்டி மேலானது. சந்தையில் அதற்கு விலை குறைவுதான். ஆட்டம் எப்படி ஆடப்பட்டது என்பதற்குச் சாட்சி அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலோ, வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய சித்தப்பா கொண்டுவந்த சாமான்களிலோ இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். பழைய கணினிப் பெட்டிதானே என்று காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் கீழிருப்பது நசுங்கும். புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். வெயில் படாத, ஈரம் ஏறாத இடமாக இருக்கட்டும். நம் ஊர் மழைக்காலத்தில் பிளாப்பியில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த பிளாப்பியைக் கணினியில் போடவே கூடாது. விலைச்சீட்டைச் சுரண்டாதீர்கள், அட்டையின் மேல்தோல் அதோடு உரிந்துவிடும். அந்தச் சீட்டும் எந்தக் கடையில் என்ன விலைக்கு விற்றது என்று சொல்லும் ஆவணம்தான். உள்ளே இருக்கும் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து, பெட்டியின் ஆறு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். ஒரு வெறும் பிளாஸ்டிக் பை இருந்தால் அதையும் சேர்த்தே வையுங்கள்.