நான்கு இணைப்புகள் இருந்தும் வேகம் ஏன் கூடவில்லை?

ஒரு குழாய் ஒரு தொட்டியை 4 மணி நேரத்தில் நிரப்புகிறது. அதே போன்ற 4 குழாய்களைத் திறந்தால்? 1 மணி நேரம் என்று உடனே விடை சொல்லிவிடுவீர்கள். ஆனால் அந்த நான்கும் ஒரே மெல்லிய குழாயிலிருந்து பிரிந்த கிளைகளாக இருந்தால்? நேரம் குறையாது, அல்லவா?

இணையத்திலிருந்து பெரிய கோப்பு ஒன்றைப் பல சர்வர்களிலிருந்து ஒரே நேரத்தில் பகுதி பகுதியாக இறக்கும்போதும் இதே கணக்குதான்.

முதலில், பல இணைப்புகள் எப்போது உதவுகின்றன என்று பார்ப்போம். சர்வர் கோப்பைச் சிறு பொட்டலங்களாக அனுப்புகிறது. ஓரளவு அனுப்பியதும், 'வந்து சேர்ந்தது' என்னும் பதிலுக்காகக் காத்திருக்கிறது. 1981-இல் வகுக்கப்பட்ட டி.சி.பி. விதிமுறைப்படி அந்த அளவு அதிகபட்சம் 65,535 பைட்டுகள். பதில் திரும்பி வர 0.2 வினாடி ஆனால், வினாடிக்கு 5 முறைதான் அனுப்பலாம். அது ஏறத்தாழ 2.6 மெகாபிட் வேகம். உங்கள் இணைப்பு 20 மெகாபிட் என்றால் பெரும்பகுதி வீணே கிடக்கும். இங்கே 4 சர்வர்கள் சேர்ந்தால் 10.4 மெகாபிட் கிடைக்கும். (1992-இல் இந்த வரம்பு மிகவும் உயர்த்தப்பட்டது. ஆயினும் தொலைவும் பொட்டல இழப்பும் இன்றும் வேகத்தைக் குறைக்கின்றன.)

பாதை நிரம்பிவிட்டால்? மிகுதிப் பொட்டலங்கள் வரிசையில் நிற்கும். வரிசையும் நிரம்பினால் அவை கைவிடப்படும். பிறகு மீண்டும் அனுப்ப வேண்டும். 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் ஏறத்தாழ 400 கெஜ தூரத்திலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது! வான் ஜேக்கப்சன் 1988-இல் இதற்கு வழி கூறினார்: பொட்டலம் தொலைந்தால், அனுப்புபவர் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த விட்டுக்கொடுத்தல் இணைப்புக்கு இணைப்பு நடக்கிறது. ஆளுக்கு ஆள் அல்ல. நீங்கள் 8 இணைப்புகளைத் திறந்து, உங்கள் தங்கை ஒரே இணைப்பில் பாடக் கோப்பை இறக்கினால், நெருக்கடியான பாதையில் அவளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 9-இல் 1 பங்கே!

குறை எங்கே என்று நீங்களே கண்டறியலாம்.

1. அலகைப் பாருங்கள். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 40 மெகாபிட் இணைப்பில் 5 மெகாபைட் வேகம் தெரிந்தால், அது குறையே அல்ல.

2. 1, 2, 4, 8 இணைப்புகளில் கிடைக்கும் வேகங்களைக் குறித்து வரைபடம் வரையுங்கள்.

3. இணைப்பின் முழு வேகத்தை எட்டுமுன்பே கோடு தட்டையானால், வைஃபையை விட்டுக் கம்பி மூலம் இணைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் குறை வைஃபையில். கூடாவிட்டால் வேறு சர்வர்களை முயலுங்கள். சில சர்வர்கள் ஒருவருக்கு இத்தனை இணைப்புகள்தான் என வரம்பு வைத்திருக்கும்.

கோடு தட்டையாகும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குமேல் திறக்கும் இணைப்பு கோப்பை விரைவில் கொண்டுவராது. அடுத்த அறையில் படிப்பவரின் பங்கைத்தான் குறைக்கும்.