உங்களுக்குத் தெரியுமா? குவித்த உப்பு பாறையாவது ஏன்?

சாக்கிலிருந்து சரளமாகச் சரிந்து விழும் சோற்றுப்பு, சில மாதங்கள் கிடங்கிலே கிடந்தபின் கடப்பாரைக்கும் அசையாத பாறையாகிவிடுவதற்குக் காரணம், காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும் வேளைகளில் ஒவ்வொரு படிகமும் நீராவியை ஆகர்ஷித்துத் தன்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலமொன்றை உண்டாக்கிக்கொள்வதும், பின்னர் காற்று உலர்ந்ததும் அந்த நீர் ஆவியாகிப்போக, அதில் கரைந்திருந்த உப்பு அடுத்தடுத்த படிகங்களைப் பிணைக்கும் பாலமாக உறைந்துவிடுவதுமேயாகும். மக்னீசியம் குளோரைடு கலந்திருந்தாலோ, அது சுமார் 33 சதவீத ஈரத்திலேயே கசியத் தொடங்குமாதலால், இவ்விபரீதம் இன்னும் துரிதமாக நேர்கிறது.

உர உப்புகளில் இதே சுபாவம் பிராணாபாயமாகவே முடிந்ததுண்டு. ஜெர்மனியிலுள்ள ஓப்பாவ் தொழிற்சாலையில், அம்மோனியம் சல்பேட்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் கலந்த உரம் தன் பாரத்தாலேயே இறுகிப்போகும்போதெல்லாம் சிறு வெடிகளை வைத்து அதைத் தளர்த்துவது வழக்கமாயிருந்தது. எத்தனையோ தடவை யாதொரு தீங்குமின்றி நடந்தேறிய அந்தக் காரியம், 1921 செப்டம்பர் 21 காலையில், சுமார் 4,500 டன் உரம் இருந்த கிடங்கில் ஒரு பகுதியை வெடிக்கச் செய்து, 500க்கும் மேற்பட்ட மனிதரைப் பலிகொண்டது. இறுகிய சரக்கைத் தளர்த்த உபாயம் தேடுவதைவிட, அது இறுகாமலே காப்பதுதான் விவேகம் என்று அதற்குமேல் யார் எடுத்துரைக்க வேண்டும்?

சோற்றுப்புக்கோ பரிகாரம் மிக எளிது: கிலோவுக்குச் சில மில்லிகிராம் சோடியம் பெரோசயனைடு சேர்த்தாலே, படிகங்களின் வளர்ச்சி வேறு ரூபம் கொண்டு, இடையிலுள்ள பாலங்கள் கைபட்டதும் நொறுங்கிவிடுகின்றன.