கங்கை முகத்துக்கு வேண்டும் நீர் எவ்வளவு?

வானின்று வீழும் நீரில் ஒரு துளியேனும் மாந்தர்க்குப் பயன்படாது கடலைச் சேர்தலாகாது என்பது முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் (1153–1186) கருத்தெனச் சூளவம்சம் கூறும். இதனை அறியாத மாணவர் இந்நாட்டில் இலர். யானும் இருபது ஆண்டுகளாக இதனைக் கற்பித்து வருகின்றேன். ஆயின் ஒருமுறை மூதூர்க் கடற்றொழிலாளர் ஒருவரின் மகன் வகுப்பிலே எழுந்து, “கடலுக்குப் போற தண்ணியிலதானே சேர் எங்கட றால் வளருது?” என்று வினவினான். வகுப்பு நகைத்தது. எனக்கோ விடை உடனே வரவில்லை. மன்னன் கூற்றிலே ‘பயன்படாது’ என்னும் சொல்லன்றோ உயிர்ச்சொல்? கடலைச் சேரும் நீர் யாவும் பயன்படாத நீர்தானா என்பதே அச்சிறுவனின் வினா. அவ்வினாவின் விரிவே இக்கட்டுரை.

ஆறு கடலொடு கலக்குமிடத்தைக் கழிமுகம் என்கிறோம். ஆற்று நீர் இலேசானது. கடல் நீரோ ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பைத் தாங்கிக் கனத்து நிற்பது. எனவே இரண்டும் சந்திக்கையில் நன்னீர் மேலாகவும் உவர்நீர் ஆப்புப் போலக் கீழாகவும் அமையும். ஆற்றின் வேகம் மிகின் அவ்வாப்பு கடலை நோக்கிப் பின்வாங்கும். ஆறு தளரின் அஃது அடிவழியே மைல் கணக்கில் உள்ளேறும். எமது கரையில் வற்றுப்பெருக்கு வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவே. ஆதலின் உவர்நீரைத் தடுத்து நிறுத்துவதும் உள்ளே விடுவதும் பெரும்பாலும் ஆற்றின் வலிமையேயாம். கழுத்தில் நூல் கட்டிய போத்தலொன்றை அடிவரை இறக்கி, அங்கே தக்கையைப் பிடுங்கி எடுத்தால், மேல்நீர் நாவுக்கு இனிக்கும் நாளிலும் அடிநீர் கரித்தலை எவரும் காணலாம். மாணவர்க்கு இதனினும் மலிந்த ஆய்வுச்சாலை வேறில்லை.

இவ்விரு நீரும் கலக்கும் பரப்பே உயிர்வளம் மிக்கது. இறால் ஆழ்கடற் பக்கமாக முட்டையிடும். அதன் குஞ்சுகளோ உவர் குறைந்த கழிநீரை நாடி வந்து கண்டல் வேர்களிடையே வளர்ந்து, பின்னர்க் கடலுக்கு மீளும். கொடுவா, திரளி முதலாய மீன்களும் வாழ்நாளின் ஒரு பகுதியை இவ்விடங்களிற் கழிப்பன. ஆறு கொணரும் வண்டலே கண்டலுக்கு நிலம். அதனொடு வரும் ஊட்டமே நுண்ணுயிர்களுக்கு உணவு. கண்டல் உவரைத் தாங்கும் மரந்தான். எனினும் அளவிறந்த உவரில் அது குறுகிப்போம்.

இனி எமது குடாவை நோக்குவோம். மலைநாட்டிற் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, தன் பயண இறுதியில் இரு கிளையாகப் பிரிகின்றது. ஒன்று வெருகலாறாகத் தெற்கே கடல் சேரும். மற்றையது மூதூருக்கு மேற்கே கொட்டியாரக் குடாவில் விழும். (1660இல் கப்பலின் பாய்மரம் பழுதுற்று இக்குடாவில் ஒதுங்கிய றொபேட் நொக்ஸ் என்பார் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பட்ட கதை யாவரும் அறிந்தது.) திருகோணமலையில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை பெய்து ஓயும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை கச்சான் காற்று நிலத்தை வறுத்தெடுக்கும். அக்காலத்திலே குடாவுக்கு நன்னீர் எங்கிருந்து வரும்? தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே கொட்டும் மழையிலிருந்தே. இங்கே வானம் வெளிறிக் கிடக்கையில், எங்கோ மலையிற் பெய்த மழை ஆற்றின் வழி வந்து எமது கழிமுகத்தைக் காத்தது. இவ்வொன்றை மனத்தில் இருத்தினாலன்றிப் பின்வருவன விளங்கா.

1965க்கும் 1968க்கும் இடையில் ஐக்கிய நாடுகள் தாபனத்தின் உதவியுடன் மகாவலிப் பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. முப்பதாண்டுகளில் ஒன்பது இலட்சம் ஏக்கருக்கு நீர்ப்பாய்ச்சுதல் அதன் நோக்கம். 1976இல் பொல்கொல்லவில் ஆறு மறிக்கப்பட்டு, சுரங்கவழியே உக்குவளைக்குத் திருப்பப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 875 மில்லியன் கன மீற்றர் நீரை இவ்வாறு திருப்புதல் திட்டம். சராசரியாக வினாடிக்கு 28 கன மீற்றர் எனக் கொள்ளலாம். 1977இன் பின் முப்பதாண்டு வேலையைச் சில ஆண்டுகளில் முடிக்கத் துணிந்தனர். மாதுறு ஓயா, விக்ரோறியா, கொத்மலை, ரந்தெனிகல, ரந்தம்பை என 1983 முதல் 1990 வரை அணைகள் அடுத்தடுத்து எழுந்தன. 2018இல் அம்பன் கங்கையில் மொறகஹகந்தவும் திறக்கப்பட்டது. மின்னும் நெல்லும் பெருகின. அதனைக் குறைத்துக் கூற யான் வரவில்லை. இக்கட்டுரையை எழுதும் மேசைவிளக்கும் அம்மின்னால் எரிவதே.

எனினும் பொல்கொல்லவிலே திரும்பும் நீர், கச்சான் காலத்தில் எமக்கு வந்த மலைநீரேயன்றோ? அதன் ஒரு பகுதி அம்பன் கங்கை வழியே மீண்டும் மகாவலியைச் சேரும். மற்றொரு பகுதி போவதென்ன வழியாகக் கலாவாவிப் பக்கம் சென்று, மகாவலிப் படுக்கைக்கு அப்பாற்பட்டு விடும். மினிப்பேயில் வலக்கரை வழியே மாதுறு ஓயாவுக்குச் செல்லும் நீரும் அவ்வாறே. அம்பன் கங்கை நீரிற் சிறிது எலகரை, மின்னேரியா, கவுடுல்லை, கந்தளாய் எனக் குளந்தோறும் இறங்கி, வயலிற் பாய்ந்து, எஞ்சியது தம்பலகாமக் குடாவை அடைகின்றது. ஆகவே இழந்ததில் ஒரு பங்கு பின்வாசலால் வருகின்றது எனலாம். ஆயின் அது வயலின் உரத்தையும் களைகொல்லியையும் சுமந்து வரும் வடிநீர். அணைகள் வண்டலையும் பிடித்து வைத்துக் கொள்கின்றன. போதாக்குறைக்குக் கீழ்மகாவலியில் மணல் அகழ்கின்றனர். ஆற்றின் அடி ஆழமாக ஆக, உவராப்பு நுழைவதற்கு வழி தானே திறக்கும். கரையூர்க் கிணறுகளும் அதற்குத் தப்பா.

அங்ஙனமாயின் கடலுக்கு விடவேண்டிய மிகக் குறைந்த நீர் எவ்வளவு? உலகில் இதற்குப் பல முறைகள் உள. 1976இல் ஐக்கிய அமெரிக்காவில் ரெனன்ற் என்பார் ஓர் எளிய கணக்கை வகுத்தார்: ஆற்றின் ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் நூற்றுக்குப் பத்து விடின் மீன்கள் சிறிது காலம் உயிர்தாங்கும், முப்பது விடின் ஓரளவு நன்கு வாழும், அறுபது விடின் செழிக்கும். எளிமையே இதன் சிறப்பு. இதன் குறையும் அதுவே. அவர் கண்டவை உள்நாட்டு நன்னீர் ஓடைகள். உப்பைப் பற்றி அக்கணக்குப் பேசுவதில்லை.

கழிமுகத்துக்கு ஏற்ற முறை வேறு. அங்கே முதலிற் கேட்க வேண்டியது ‘எவ்வளவு நீர்?’ என்பதன்று, ‘எவ்விடத்தில் எவ்வளவு உப்பு?’ என்பதே. புளோரிடாவிலே கலூசகச்சி என்னும் ஆற்றின் கழிமுகத்துக்கு 2001இல் அவ்வாறே செய்தனர். ஓரிடத்தில் வேரூன்றி நிற்கும் நீர்ப்புல் ஒன்றைச் சான்றாகக் கொண்டனர். அதனால் எத்துணை உவரைத் தாங்க முடியும் என ஆராய்ந்தனர். அவ்வளவைக் கடவாதிருக்க மேலணையில் வினாடிக்கு 300 கன அடி நீர் விடவேண்டும் என விதித்தனர். பின்னர் அது போதாதெனக் கண்டு 2019இல் 457 கன அடியாக உயர்த்தினர். சன் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலோ, 1995 முதல், ஆயிரத்துக்கு இரண்டு பங்கு உவர் உள்ள கோடு கடல்வாயிலிலிருந்து எத்தனை கிலோமீற்றரில் நிற்கின்றது என்பதையே அளவுகோலாகக் கொண்டுள்ளனர். நீரை அளப்பதினும் கோட்டை அளப்பது எளிது, மீனவனுக்கும் விளங்கும்.

தமிழகத்தின் காவிரியை இதனொடு ஒப்புநோக்குதல் தகும். காவிரி நடுவர் மன்றம் 2007இல் அளித்த இறுதித் தீர்ப்பில், 740 ஆயிரம் மில்லியன் கன அடி நீரில் 10ஐச் சுற்றுச்சூழலுக்கென ஒதுக்கியது. தவிர்க்கவொண்ணாது கடல் சேர்வதாக மேலும் 4ஐக் கணக்கிட்டது. 2018இல் இந்திய உயர்நீதிமன்றமும் இவ்விரண்டையும் மாற்றவில்லை. அப்பத்தை ஆண்டு முழுவதும் பரப்பினால் வினாடிக்கு ஏறத்தாழ 317 கன அடி வரும். 67 மைல் நீளமே உள்ள கலூசகச்சிக்கு முதலில் விதித்த அளவுக்கும், எண்ணூறு கிலோமீற்றர் ஓடும் காவிரிக்கு ஒதுக்கிய அளவுக்கும் வேறுபாடு சொற்பமே! முன்னையது ஒரு புல்லின் தேவையிலிருந்து பிறந்த எண். பின்னையது மாநிலங்கள் தம்முட் பங்கிட்டபின் எஞ்சிய எண். ஆயினும் ஏட்டிலே ஓர் எண் ஏறியதே பெரிதென்பேன்.

கொட்டியாரத்துக்கு எதனைச் சான்றாகக் கொள்வது? இறால் ஓடித்திரிவது, வாழிடம் கெட்டால் வேறிடம் நாடும், எனவே அதனை எண்ணுவது கடினம். கண்டலோ மெல்ல வாடுவது. அது வாடுமுன் பத்தாண்டு கழிந்துவிடும். தம்பலகாமக் குடாவில் ஒளி ஊடுருவும் மெல்லிய ஓடுடைய ஒருவகை முத்துச் சிப்பி வாழ்ந்ததும், அங்கே முத்துக்குளிப்பு நடந்ததும் பழைய செய்தி. ஜேம்ஸ் ஹோணல் 1906இல் அதுபற்றி ஓர் அறிக்கையே எழுதினார். சேற்றில் ஓரிடத்திலேயே கிடக்கும் அத்தகைய சிப்பியினமே சிறந்த சான்று என்பது என் துணிபு. தப்பியோட அதனால் இயலாது. உவர் மிகினும் நன்னீர் மிகினும் அதன் ஓடே காட்டிக்கொடுக்கும்.

கமக்காரர் இதற்கு உடன்படுவரா என நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சிறுபோகத்துக்கு நீர் வேண்டும் அதே மாதங்களிலேதான் கழிமுகமும் தாகித்து நிற்கின்றது. 2006 ஆடியில் மாவிலாற்று மதகு மூடப்பட்டபோது என்னென்ன நிகழ்ந்தன என்பதை இம்மாவட்டத்தார் மறந்திலர். நீர் இங்கே வெறும் நீரன்று. எனவே ஆண்டு முழுவதற்கும் ஒரே அளவை விதிப்பதை யான் ஆதரிக்கவில்லை. மாரியிலே குடாவுக்கு உரிமை கோர வேண்டியதில்லை, வானமே கொடுக்கும். ஆனி, ஆடி, ஆவணி ஆகிய மூன்று மாதங்களுக்கு மட்டும் உவர்க்கோடு குறித்த ஓரிடத்தைத் தாண்டி உள்ளேறாதபடி நீர் விடப்படுமாயின், கமக்காரர் இழப்பது சிறிதாயிருக்கலாம். எவ்வளவு சிறிது என்பதை அளந்தபின்னரே கூறலாகும்.

அளப்பதற்குப் பெருங்கருவி வேண்டா. கங்கைப் பாலத்தின் நடுத்தூணருகே வாரம் ஒருமுறை மேல்நீரும் அடிநீரும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு லீற்றரை வற்றக் காய்ச்சி, எஞ்சும் உப்பை நிறுத்துக் குறித்தாற் போதும். முன்பு கேள்வி கேட்டு நகைப்புக்கு ஆளான மாணவனின் தம்பியும் அவன் தோழனும் இவ்வாண்டு வைகாசியில் அதனைத் தொடங்கியுள்ளனர். பயிற்சிப் புத்தகத்தில் இதுவரை பதினொரு வாரங்களின் கணக்கு ஏறியிருக்கின்றது. அடிநீரின் உப்பு வாரந்தோறும் கூடிக்கொண்டே வருகின்றது.