மோட்டார் சைக்கிள் இயந்திரத்தின் தடுமாற்றமும் காபரேற்றரின் தூய்மையும்

நான்கடிப்பு இயந்திரமொன்று நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது, அதன் உருளை ஒவ்வொன்றினுள்ளும் செக்கனுக்கு 25 முறை தீப்பற்றுதல் நிகழ்கின்றது. அவற்றுட் சில தவறுமாயின், சீராக ஒலித்துக்கொண்டிருந்த இயந்திரம் திக்கிப் பேசுவான் போலத் தடுமாறத் தொடங்கும். கராச்சுக்காரர் ‘மிஸ்ஸிங்’ என்று கூறுவது இதனையே. பெற்றோலும் காற்றும் உரிய அளவிற் கலத்தல், அக்கலவை உருளையினுள் நன்கு அமுக்கப்படல், உரிய கணத்தில் வலிய தீப்பொறி தோன்றல் என்னும் மூன்றில் ஒன்று பிழைத்தாலன்றி இத்தடுமாற்றம் நேராது.

குற்றம் எதுவாயினும் காபரேற்றரையே முதலிற் கழற்ற முற்படுவது பலருக்கும் வழக்கமாயிற்று. இது பொருந்தாது. காபரேற்றரினது கோளாறு எனக் கருதப்படுவனவற்றுட் பல, தீப்பொறியின் கோளாறுகளாக முடிவதுண்டு. அன்றியும், பிளக்கினைக் கழற்றிப் பார்ப்பது சில நிமிட வேலையே. அதன் முனை வெளிறிய பழுப்பு நிறமாயின் எரிதல் செவ்வையாக நடைபெறுகின்றது. உலர்ந்த கரி படிந்திருப்பின் பெற்றோல் மிகுதி. வெண்மையாயின் பெற்றோற் குறைவு. எண்ணெய் படிந்து ஈரமாயின் ஆடுதண்டின் வளையங்களோ வால்வின் வழிகளோ தேய்ந்துள்ளன. பெற்றோலால் நனைந்திருப்பின் பெரும்பாலும் பொறியே தோன்றவில்லை எனக் கொள்ளலாம். திறந்த வெளியிற் பொறி காட்டும் பிளக்கும் உருளையினுள்ளே பொய்த்தல் கூடும்; அமுக்கப்பட்ட வாயுவினூடே பொறி பாய்வதற்கு மிகுந்த மின்னழுத்தம் வேண்டும். குளிர்ந்த நிலையில் நன்கு ஓடிச் சூடேறியபின் தடுமாறும் வண்டியில் கொயிலை ஐயுறுவதே முறை.

இரட்டை உருளை வண்டியாயின் சோதனை இன்னும் எளிது. இயக்கிய சிறிது நேரத்தில் இரு புகைக்குழாய்களிலும் துளி நீர் தெளித்தால், வேலை செய்யும் உருளையின் குழாயில் அது சீறி ஆவியாகும், மற்றதில் வழிந்தோடும். பின்னர் இரு பிளக்குகளையும் இடம்மாற்றிப் பொருத்தின், தடுமாற்றமும் உடன்மாறுமாயிற் குற்றம் பிளக்கினதே. மாறாது நிற்குமாயின் மட்டுமே அவ்வுருளையின் காபரேற்றரை நோக்க வேண்டும்.

காபரேற்றர் அமைந்த தத்துவம் பழையது. ஒடுங்கிய வழியில் விரைந்து செல்லும் பாயியின் அமுக்கம் குறையும் என்பதனை இத்தாலியரான வெந்தூரி 1797 ஆம் ஆண்டில் விளக்கினார். அவ்வொடுக்கத்தில் நுண்துளைக் குழலொன்றை வைப்பின், குறைந்த அமுக்கம் பெற்றோலை மேலிழுத்துத் தூவலாக்கும். செர்மானியரான மேபாக் 1893 இல் அமைத்த தூவற் காபரேற்றர் இவ்வழியில் எழுந்ததே. ஒரு கிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கனவளவிற் கூறின், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று. இத்துணை நுண்ணிய விகிதத்தை ஓர் ஊசித்துளையே காக்கின்றது என்பது வியப்புக்குரியது. அத்துளையில் ஒட்டிய சிறு பிசின் விகிதத்தைக் குலைத்துவிடும்.

துளைகள் பல, அவை வெவ்வேறு வேளைகளிற் பணிபுரிவன. நின்ற நிலையில் தடுமாறி, வேகத்தில் நன்கு ஓடும் வண்டியிற் சிறு ஜெற் அடைபட்டிருக்கும். முழு வேகத்தில் மட்டும் தளருமாயின் பெரிய ஜெற்றையோ, தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத் துவாரத்தையோ ஆராய்தல் வேண்டும். சோக்கினைச் சற்று இழுத்ததும் தடுமாற்றம் நீங்குமாயின், பெற்றோல் குறைந்து செல்கின்றது என்பது தெளிவு.

யாழ்ப்பாணத்தார் இத்தத்துவத்தை வறுமையால் ஆழக் கற்றனர். 1990 ஆம் ஆண்டிற்குப் பின்னர் பொருளாதாரத் தடையாற் பெற்றோல் கிடையாதொழிய, மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலும் ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேலேதான் தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும். ஆதலாற் சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தைச் சூடேற்றிய பின்னரே மண்ணெண்ணெய் பயன்பட்டது. எரியாது எஞ்சியது பிளக்கிற் கரியாய்ப் படிந்தது; உருளைச் சுவர் வழியே இறங்கி மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்து இயந்திரத்தைத் தேய்த்தது. நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும் வழியிற் பிளக்கினைத் துடைக்க நின்றோர் பலர்.

சுத்தஞ் செய்வோர் பெற்றோற் குழாயை மூடி, மிதவைப் பாத்திரத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தினுள் வடித்தல் நன்று. அடியில் நீர்த்துளியும் துருவும் இருப்பின் அவை கண்ணுக்குப் புலனாகும். அருகிலே தீயோ புகைபிடித்தலோ ஆகாது. கலவைத் திருகாணியைக் கழற்றுமுன் அதனை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகின்றது எனக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அக்குறிப்பின்றி மீளப் பொருத்துவது வீண் அலைச்சல். பித்தளை ஜெற்றினுள் உருக்குக் கம்பியைச் செலுத்துதல் பெரும் பிழை. துளை ஒரு மயிரளவு அகன்றாலும் விகிதம் என்றென்றைக்கும் கெடும். கரைப்பானில் ஊறவிட்டு, அமுக்கிய காற்றை ஊதிச் சுத்தஞ் செய்தலே தகும்; இறப்பர் வளையங்களையும் மென்சவ்வையும் அக்கரைப்பானில் இடலாகாது. சுத்தமான ஜெற்றை வானத்தை நோக்கிப் பிடித்தால் வட்டமான ஒளிப்புள்ளி தெரியும். விளிம்பு கலங்கித் தெரிந்தால் மீளவும் ஊறவிட வேண்டும்.

2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் நெடுநாள் ஓடாது நின்ற வண்டிகளிலே இப்பிசினே தொல்லை தந்தது. பெற்றோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போக, பாரமான பகுதி பாத்திரத்தில் மஞ்சட் பசையாய் உறையும். நெடுநாள் வண்டியை நிறுத்துவோர் மிதவைப் பாத்திரத்தை வடித்துவிட்டால், மறுமுறை ஜெற்றினைக் கழற்றும் வேலை பெரும்பாலும் இராது.