ஆட்டத்துக்கு இரண்டு நாள். அலுவலகத்துக்கு ஏழு ஆண்டு

புது தில்லி: நொய்டாவிலும் குருகிராமிலும் அலுவலகங்கள் விடும் நேரத்தில் தில்லி மெட்ரோ ரயிலில் ஏறினால், நிற்பவர், அமர்ந்திருப்பவர் என அனைவரின் கையிலும் செல்போன்தான். ஒருவர் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் மூழ்கியிருப்பார். பக்கத்தில் நிற்பவர் அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார். முதலாமவரைக் கண்டு பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டாமவரைப் பொறுப்பானவர் என்று மெச்சுவார்கள். விளையாடுபவர் செலவிடுவது தனது நேரத்தை; மற்றவரோ ஊதியம் கிடைக்காத நேரத்தில் உழைக்கிறார் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

சாமானிய மக்களின் இந்தக் கண்ணோட்டமே நாடாளுமன்றத்தின் கண்ணோட்டமாகவும் இருந்து வருகிறது. செல்போனில் ஆடப்படும் ஆட்டத்தைப் பற்றி அரசுக்குக் கவலை உண்டு. அதே செல்போன் வழியாக வீட்டுக்குள் நுழையும் அலுவலகத்தைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. 2025-ல் இரு அவைகளிலும் நடந்தவை இதற்குச் சான்று.

அமளிக்கு நடுவே ஒரு சட்டம்

2025 மழைக்காலக் கூட்டத்தொடர், பிகார் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடர்பான அமளியிலேயே கழிந்தது. மக்களவையில் 120 மணி நேரம் விவாதம் நடத்தத் திட்டமிடப்பட்டு, சுமார் 37 மணி நேரமே அலுவல்கள் நடைபெற்றன. அந்த அமளிக்கு நடுவே ஆகஸ்ட் 20-ம் தேதி, இணையவழி விளையாட்டுகள் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறை மசோதாவை மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தாக்கல் செய்தார். அன்றே மக்களவையில் அது நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. ஆகஸ்ட் 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். நிலைக்குழுவின் ஆய்வும் இல்லை. குறிப்பிடத்தக்க விவாதமும் இல்லை.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் இச்சட்டம் தடை செய்கிறது. திறமையால் வெல்வதா, அதிர்ஷ்டத்தால் வெல்வதா என்ற பேதம் இல்லை. அத்தகைய விளையாட்டை நடத்துவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் ரூ. 1 கோடி வரை அபராதமும் விதிக்கலாம். விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறையும் ரூ. 50 லட்சம் வரை அபராதமும் உண்டு. விளையாடுவோருக்குத் தண்டனை கிடையாது.

இச்சட்டத்துக்கான தேவையை மறுப்பதற்கில்லை. இவ்விளையாட்டுகளில் சுமார் 45 கோடிப் பேர் ஆண்டுதோறும் சுமார் ரூ. 20 ஆயிரம் கோடியை இழக்கின்றனர் என்பது அரசு வெளியிட்ட மதிப்பீடு. கடன் வாங்கி ஆடி, மீள வழியின்றி உயிரை மாய்த்துக் கொண்டவர்களின் குடும்பங்கள் தமிழகத்திலும் உண்டு. கேள்வி சட்டத்தின் நோக்கம் பற்றியது அல்ல. இவ்வளவு விரைவாகச் செயல்பட முடிந்த அரசுக்கும் நாடாளுமன்றத்துக்கும், வேறொரு பிரச்னையில் மட்டும் கால்கள் பின்னுவது ஏன் என்பதே.

விளையாட்டு வேறு, சூதாட்டம் வேறு

விடியோ கேம் என்றாலே பிள்ளைகளைக் கெடுப்பது என்ற எண்ணம் பொதுவாக நிலவுகிறது. 2019 ஜனவரியில் தில்லி தால்கடோரா அரங்கில் மாணவர்கள், பெற்றோருடன் பிரதமர் மோடி கலந்துரையாடியபோது, இணைய விளையாட்டில் நாட்டம் கொண்ட மகனைப் பற்றி ஒரு தாய் முறையிட்டார். அவன் 'பப்ஜி' ஆடுபவனா என்று பிரதமர் கேட்க, அரங்கமே சிரித்தது. சில வாரங்களில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் அந்த விளையாட்டுக்குத் தடை விதிக்கப்பட்டு, அதை ஆடிய இளைஞர்கள் கைது செய்யப்பட்டனர். 2020 செப்டம்பர் 2-ம் தேதி, சீனத் தொடர்புடைய 118 செயலிகளை மத்திய அரசு முடக்கியபோது பப்ஜியும் அவற்றில் ஒன்றாக இருந்தது. அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது பிள்ளைகளின் படிப்பு அல்ல, நாட்டின் பாதுகாப்பு.

பொழுதுபோக்குக்காக ஆடுவதும், பணத்தைப் பந்தயம் வைப்பதும் ஒன்றல்ல என்பதைச் சட்டம் தாமதமாகவேனும் உணர்ந்துள்ளது. 'இ-ஸ்போர்ட்ஸ்' எனப்படும் மின்னணு விளையாட்டுப் போட்டிகள் 2022 டிசம்பரில் மத்திய விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்க்கப்பட்டன. 2025 சட்டமும் அவற்றை ஊக்குவிக்க வேண்டும் என்றே கூறுகிறது.

பந்தய விளையாட்டுகளைப் பொருத்தவரை தமிழகம் முன்னரே களத்தில் இறங்கிய மாநிலம். 2021-ல் கொண்டுவரப்பட்ட தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டே ரத்து செய்தது. அடுத்த மசோதாவை 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டப்பேரவை அதை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அரசியல் சட்டத்தின் 7-வது அட்டவணையில் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் இருப்பவை. அந்தப் பட்டியலுக்கு உள்பட்ட விஷயத்தில்தான் மத்திய அரசு இரண்டே நாளில் நாடு முழுவதற்குமான சட்டத்தை நிறைவேற்றியது. அதை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது.

அவையில் வந்த ரம்மி

இச்சட்டம் நிறைவேறுவதற்கு ஒரு மாதம் முன்பு, மகாராஷ்டிர வேளாண் அமைச்சராக இருந்த மாணிக்ராவ் கோகடே, சட்ட மேலவையில் அமர்ந்தபடி செல்போனில் ரம்மி ஆடுவதாகக் கூறப்பட்ட விடியோ காட்சி வெளியானது. தாம் ஆடவில்லை என்றும், திரையில் தானாகத் தோன்றிய விளம்பரத்தை அகற்றவே முயன்றதாகவும் அவர் விளக்கம் அளித்தார். விவசாயிகளின் துயரம் தீராத மாநிலத்தில் எதிர்க்கட்சிகள் அதை ஏற்கவில்லை. ஜூலை இறுதியில் வேளாண் துறை அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. மாற்றாக அளிக்கப்பட்டது விளையாட்டுத் துறை.

வேலை நேரத்தில் விளையாட்டு புகுந்தால் அது நாடறிந்த சர்ச்சையாகிறது. அமைச்சர் இலாகாவையே இழக்கிறார். ஓய்வு நேரத்தில் வேலை புகுந்தால் அதற்குச் சர்ச்சை இல்லை. பல இடங்களில் பாராட்டுதான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல்

இந்த நிலையை மாற்றும் முயற்சி நாடாளுமன்றத்தில் நடக்காமல் இல்லை. தேசியவாத காங்கிரஸ் உறுப்பினர் சுப்ரியா சுலே, 2018 டிசம்பரில் 'தொடர்பைத் துண்டிக்கும் உரிமை' மசோதாவை மக்களவையில் தனிநபர் மசோதாவாக அறிமுகம் செய்தார். அதன் சாரம் எளிமையானது. பணி நேரம் முடிந்த பிறகும், விடுமுறை நாள்களிலும் அலுவலகத்திலிருந்து வரும் அழைப்புகளுக்கும் மின்னஞ்சல்களுக்கும் பதில் அளிக்காதிருக்க ஊழியருக்கு உரிமை உண்டு. அதற்காக அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது. மீறும் நிறுவனத்துக்கு, ஊழியர்களின் மொத்த ஊதியத்தில் 1 சதவீதம் அபராதம்.

2019-ல் மக்களவை கலைக்கப்பட்டதும் அம்மசோதா காலாவதியானது. 2025 டிசம்பர் 5-ம் தேதி, குளிர்காலக் கூட்டத்தொடரில் அவரே அதே நோக்கத்துடன் மீண்டும் மசோதா கொண்டுவந்தார். ஏழு ஆண்டுகள் கழிந்தும் அறிமுகம் என்ற முதல் படியிலேயே அது நின்றது.

தனிநபர் மசோதாக்களின் விதி அப்படிப்பட்டது. மக்களவையில் அவற்றுக்கு ஒதுக்கப்படுவது வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரம். உறுப்பினர்கள் பலர் தொகுதிக்குத் திரும்ப விமான நிலையம் நோக்கி விரையும் நேரம் அது. சுதந்திரத்துக்குப் பின் சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே. கடைசி மசோதா நிறைவேறியது 1970-ல்.

எட்டு மணி நேரம் யாருக்கு?

தற்போதைய சட்டங்களே போதும் என்று வாதிடுவோர் உண்டு. 29 தொழிலாளர் சட்டங்களை ஒருங்கிணைத்த 4 தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21-ம் தேதி அமலுக்கு வந்தன. அவற்றில் மூன்று, 2020 செப்டம்பரில் எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்தபோது நிறைவேற்றப்பட்டவை. நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, தொழிலாளியின் சம்மதத்தோடு மட்டுமே கூடுதல் வேலை, அதற்கு இரு மடங்கு ஊதியம் என்று பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் சொல்கிறது.

படிப்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் 'தொழிலாளி' என்ற சொல்லுக்கு அதே சட்டம் தரும் விளக்கத்தில்தான் சிக்கல். மேற்பார்வைப் பணியில் மாதம் ரூ. 18 ஆயிரத்துக்கு மேல் ஊதியம் பெறுபவர் தொழிலாளி அல்லர். நிர்வாகப் பணியில் இருப்பவரும் அல்லர். நான்கு பேருக்கு மேல் ஒருவரை நியமித்து, அவருக்கு 'குழுத் தலைவர்' என்று பெயர் சூட்டிவிட்டால், அவரது எட்டு மணி நேரப் பாதுகாப்பு கேள்விக்குறியாகிவிடும். பெருநகரங்களின் கண்ணாடிக் கட்டடங்களில் இத்தகைய பதவிப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை.

தொழில்நுட்பமும் நிறுவனத்தின் பக்கமே சாய்ந்திருக்கிறது. தில்லியில் மத்திய அரசு அலுவலகங்களில் 2014 முதல் ஆதார் அடிப்படையிலான விரல் ரேகை வருகைப் பதிவு நடைமுறையில் உள்ளது. 2025 மழைக்காலக் கூட்டத்தொடரில் மக்களவை உறுப்பினர்களுக்கே இருக்கையில் மின்னணு வருகைப் பதிவு வந்துவிட்டது. ஊழியர் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் கருவி குறித்துக்கொள்கிறது. வீடு சேர்ந்த பிறகு அவருக்கு வரும் அழைப்புகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காக ஊழியரின் தகவல்களை அவரது ஒப்புதல் இன்றியே நிறுவனம் கையாள வழிவிடுகிறது.

எழுபதும் தொண்ணூறும்

இந்தப் பின்னணியில்தான் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி கூறினார். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் பற்றிப் பேசி, ஞாயிற்றுக்கிழமையும் ஊழியர்களிடம் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்திய காணொளி 2025 ஜனவரியில் பரவியது. வீட்டில் மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்று அவர் கேட்டது நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது.

அந்த மாத இறுதியில் நாடாளுமன்றத்தில் தாக்கலான பொருளாதார ஆய்வறிக்கை, வாரத்தில் 55 முதல் 60 மணி நேரத்துக்கு மேல் உழைப்பது உடல்நலத்துக்குக் கேடு என்று சுட்டிக்காட்டியது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததன் விளைவாக, 2016-ல் உலகில் சுமார் 7.45 லட்சம் பேர் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் இறந்தனர் என்பது உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட கணக்கு. வேலை நேரத்தை 70 அல்லது 90 மணி நேரமாக உயர்த்தும் திட்டம் இல்லை என்று 2025 பிப்ரவரியில் மத்திய அரசு மக்களவையில் தெரிவித்தது. தொழிலாளர் விவகாரம் பொதுப் பட்டியலில் உள்ளது என்பதையும் அது நினைவூட்டியது.

மாநிலப் பட்டியலில் உள்ள சூதாட்டத்துக்குத் தயங்காமல் சட்டம் இயற்றிய மத்திய அரசு, தனக்கும் அதிகாரம் உள்ள பொதுப் பட்டியல் விஷயத்தில் அறிக்கையோடு நிறுத்திக்கொள்கிறது. இதுவே இங்கு கவனிக்க வேண்டிய அரசியல்.

தமிழகம் தந்த பாடம்

அமெரிக்காவில் விடியும்போது இங்கே இரவு. வாடிக்கையாளரின் நேரத்துக்கு வேலை செய்யும் மென்பொருள் துறையில் தொடர்பைத் துண்டிப்பது இயலாது என்கின்றன நிறுவனங்கள். நியாயமான வாதம்தான். ஆனால் இரவுப் பணியை முறைப்படி ஒதுக்கி ஊதியம் தருவதை யாரும் தடுக்கவில்லை. பகல் பணியை முடித்தவரிடமே இரவிலும் வேலை வாங்குவதுதான் பிரச்னை. பிரான்ஸில் 2017 முதல், 50-க்கும் அதிகமான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் இது குறித்து ஊழியர்களுடன் பேச்சு நடத்த வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், நியாயமற்ற மறுப்பாக இல்லாதவரை, பணி நேரத்துக்குப் பிந்தைய அழைப்பை ஊழியர் புறக்கணிக்கலாம். அவசர வேலைக்கு அங்கேயும் இடம் உண்டு.

வேலை நேரம் என்பது அரசியல் கோரிக்கையாகும்போது ஆட்சியாளர்கள் இறங்கி வருவார்கள் என்பதற்குத் தமிழகமே உதாரணம். 2023 ஏப்ரல் 21-ம் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்தன; தொழிற்சங்கங்கள் போராட்டம் அறிவித்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, மசோதா வாபஸ் பெறப்படுவதாக முதல்வர் என்ற முறையில் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடி அப்போது சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தொழிற்சாலைக்குச் சங்கு உண்டு. ஊதினால் வேலை முடிந்தது. செல்போன் வழி அலுவலகத்துக்கு அப்படியொரு சங்கு இல்லை. அதைச் சட்டம்தான் ஊத வேண்டும். தனிநபர் மசோதாவால் இயலாது என்றால் அரசே செய்யலாம். 2015-ல் மாநிலங்களவையில் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதா நிறைவேறிய பின்னர்தான், அரசு தன் பங்குக்கு ஒரு மசோதாவைக் கொண்டுவந்து 2019-ல் சட்டமாக்கியது. பணி நேரத்துக்கான தொகுப்புச் சட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும்.

இணைய ஆட்டத்தில் மக்கள் இழந்த பணத்துக்கு அரசிடம் ஒரு கணக்கு இருந்தது. அதனால் இரண்டு நாளில் சட்டம் வந்தது. ஊழியர்கள் இழந்த மாலைப்பொழுதுகளுக்கு எந்த அமைச்சகத்திடமும் கணக்கு இல்லை. அந்தக் கணக்கைக் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றத்தின் கேள்வி நேரம். கேட்க வைக்க வேண்டியவர்கள் வாக்காளர்கள்.