ஒரே கடல், ஒரே துறைமுகங்கள்... எந்தக் கப்பலில் ஏறுவது?

நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கிறது பெர்கன். வடகிழக்குக் கோடியில், ரஷ்ய எல்லையை ஒட்டி கிர்க்கெனெஸ். பெர்கனிலிருந்து தினமும் ஒரு கப்பல் கிர்க்கெனெஸுக்குக் கிளம்புகிறது. வழியில் 34 துறைமுகங்கள். போய்த் திரும்ப 12 நாள். இந்தப் பயணத்தை விசாரித்தால் டிராவல் ஏஜென்ட் இரண்டு பெயர்களைச் சொல்வார்: ஹுர்டிக்ரூட்டன், ஹவிலா. இரண்டிலும் அதே ஊர்கள், அதே மலைகள், அதே நாள் கணக்கு. லட்சக்கணக்கில் செலவழித்து, வாழ்நாளில் ஒருமுறை போகிறவர் எதை வைத்து முடிவெடுப்பது?

இரண்டும் ஒன்றுபோல இருப்பது தற்செயல் அல்ல. நிற்க வேண்டிய ஊர்களை நிர்ணயிப்பது நார்வே அரசின் ஒப்பந்தம். இது உல்லாசப் பயணத்துக்காகப் பிறந்த சேவையே இல்லை. ஒருகாலத்தில் ட்ரோன்ட்ஹெய்மிலிருந்து வடக்கே ஹாம்மர்ஃபெஸ்டுக்கு ஒரு கடிதம் போய்ச்சேர கோடையில் மூன்று வாரம் ஆகும். குளிர்காலம் என்றால் ஐந்து மாதம்கூட ஆகிவிடும். 1893 ஜூலை 2-ம் தேதி ரிச்சர்ட் வித் என்பவரின் 'வெஸ்டரோலன்' என்ற நீராவிக் கப்பல் கிளம்பி, அதே தூரத்தை 67 மணி நேரத்தில் கடந்தது. அன்று தொடங்கிய சேவையைப் பல கம்பெனிகள் பங்கு போட்டு நடத்தின. 2006-ல் கடைசி இரண்டும் இணைந்து ஒரே நிறுவனமானது, அதுதான் ஹுர்டிக்ரூட்டன். 2021-ல் தொடங்கிய புதிய ஒப்பந்தத்தில் அரசு மறுபடியும் பிரித்துக் கொடுத்தது. மொத்தம் 11 கப்பல்கள். ஹுர்டிக்ரூட்டனுக்கு 7, ஹவிலாவுக்கு 4. ஒப்பந்தம் 2030 வரை.

எனவே எதில் ஏறினாலும் இது நம்மூர் பாசஞ்சர் ரயில் மாதிரிதான். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். சூதாட்ட விடுதி, இரவு நடனக் காட்சி என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நள்ளிரவில் ஏதோ ஒரு சின்ன ஊரில் கப்பல் அணையும். பக்கவாட்டுக் கதவு திறக்கும். ஃபோர்க்லிஃப்ட் வண்டி உள்ளே நுழைந்து பெட்டிகளை இறக்கும், மீன் பெட்டிகளை ஏற்றும். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிற உள்ளூர்க்காரர் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். பல இடங்களில் பதினைந்தே நிமிடம்தான். மறுபடி கயிறு அவிழ்ந்துவிடும். இந்தக் கடற்கரை வாழ்க்கையை அருகிலிருந்து பார்ப்பதுதான் இப்பயணத்தின் உயிர். 2011-ல் நார்வே அரசுத் தொலைக்காட்சி இந்த வழித்தடத்தை 134 மணி நேரம் இடைவிடாமல் நேரலையில் ஒளிபரப்பியது. நாட்டு மக்களில் பெரும் பகுதியினர் அதைப் பார்த்தார்கள்.

நமக்கும் இந்தக் கரையோடு ஓர் உறவு உண்டு. வட கோடியான ஃபின்மார்க்கின் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் 1980-களிலிருந்து வேலை பார்த்தவர்களில் இலங்கைத் தமிழர்கள் கணிசமானவர்கள். பலர் பின்னாளில் ஆஸ்லோ பக்கம் பெயர்ந்துவிட்டார்கள். இருந்தாலும், பனிக்காற்றில் அந்தத் துறைமுகங்களில் இறங்கும் தமிழ்ப் பயணி, அங்கே நம் மக்கள் மீன் வெட்டிப் பிழைத்துக் குடும்பங்களைக் கரையேற்றினார்கள் என்பதை அறிந்து இறங்க வேண்டும்.

சரி, வித்தியாசத்துக்கு வருவோம். ஹவிலாவின் நான்கு கப்பல்களும் 2021-க்கும் 2023-க்கும் இடையே சேவைக்கு வந்தவை; துருக்கியில் கட்டியவை; நான்கும் ஒரே அச்சு. இயற்கை எரிவாயுவில் ஓடுகின்றன. கூடவே 6.1 மெகாவாட் மணி திறனுள்ள பேட்டரி. இஞ்சினை அணைத்துவிட்டு நான்கு மணி நேரம் வரை பேட்டரியிலேயே போக முடியும் என்பது அவர்களின் பெரிய பலம். அதன் அருமை கெய்ராங்கர் ஃபியோர்டில் தெரியும். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். உச்சியிலிருந்து விழும் அருவிகள். நடுவே ஒடுங்கிய கடல் நீர். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். பெரிய கப்பல்களின் புகை அந்தக் குறுகிய பள்ளத்தாக்கில் தேங்கி நிற்பது நெடுநாள் புகார். 2026 முதல் 10,000 டன்னுக்குக் குறைந்த பயணிகள் கப்பல்கள் அங்கே புகையில்லாமல்தான் வர வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். பெரியவற்றுக்கு 2032 வரை அவகாசம். ஹவிலா கப்பல்கள் அந்த அளவுக்கு மேற்பட்டவை. சட்டம் கட்டாயப்படுத்தும் முன்பே அந்த வசதியோடு அவர்கள் வந்துவிட்டார்கள். இதை நான் விளம்பர வாசகமாக நினைக்கவில்லை. அருவிச் சத்தம் காதில் விழும்படி ஒரு கப்பல் போக முடிவது பயணிக்கும் அந்த ஊருக்கும் செய்யும் மரியாதை.

ஹுர்டிக்ரூட்டனை ஒரே எடையாகப் போடக் கூடாது. அவர்களின் 'வெஸ்டரோலன்' 1983-ல் கட்டியது. வித்தின் அந்த நீராவிக் கப்பலின் பெயரையே தாங்கியிருக்கிறது. மற்ற ஆறும் 1993-க்கும் 1997-க்கும் இடைப்பட்டவை. அவற்றில் ரிச்சர்ட் வித், காங் ஹரால்ட் இரண்டும் பேட்டரி கலந்த இஞ்சின்களுக்கு மாறிவிட்டன. ஒரே கம்பெனிக்குள் கப்பலுக்குக் கப்பல் இவ்வளவு வேறுபாடு. பழைய கப்பல் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. நூற்றாண்டைத் தாண்டிய பழக்கமும் வழிவழியாக வந்த கப்பல் மரபும் வேண்டுபவருக்கு அவைதான் பொருத்தம்.

சாப்பாட்டில் ஹவிலா பஃபே வைப்பதில்லை; உணவு வீணாவதைக் குறைக்கச் சின்னத் தட்டுகளில் கேட்கக் கேட்கத் தருகிறார்கள். தட்டை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஹுர்டிக்ரூட்டனின் பஃபே வசதி. சைவம் என்றால் எங்கே பதிவு செய்தாலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நிறுவனத்தைவிட முக்கியமானது திசை. கெய்ராங்கருக்குள் கப்பல்கள் நுழைவது கோடையில், வடக்கே போகும்போது மட்டும்தான். வெஸ்டரோலன் தீவுகளும் ரஃப்ட்சுண்ட் என்ற குறுகிய நீரிணையும் தெற்கே திரும்பும்போதுதான் பகலில் வரும். போகும்போது அவற்றைத் தூக்கத்தில் கடந்துவிடுவீர்கள். பணமும் விடுப்பும் இருந்தால் 12 நாளும் போங்கள். ஒரு வழிதான் முடியும் என்றால், கோடையில் வடக்கு நோக்கி.

கேபின் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜன்னல் இருக்கிறது என்று எழுதியிருந்தாலும், உயிர்காப்புப் படகு அதை மறைக்கலாம். கீழ் டெக்கில் சரக்குக் கதவுக்குப் பக்கம் கிடைத்தால் இரவெல்லாம் சத்தம். கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். பூடோவிலிருந்து லொஃபோட்டன் தீவுகளுக்குக் கடக்கும் திறந்த கடலில் ஆட்டம் இருக்கும். அங்கேயும் நடுப்பகுதிதான் வயிற்றைக் காப்பாற்றும்.

பிரசுரங்களில் பெரிதாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. 11 கப்பல்கள் முறைவைத்து ஓடுவதால், ஒரு குறிப்பிட்ட நாளில் பெர்கனிலிருந்து கிளம்புவது ஒரே ஒரு கப்பல். அது எந்தக் கம்பெனியுடையது என்பதை உங்கள் தேதிதான் முடிவு செய்கிறது. பலர் விமான டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, பிறகு கிடைத்த கப்பலில் ஏறுகிறார்கள். பயணத்தை ஒன்றிரண்டு நாள் தள்ளினாலே வேறு கப்பல் கிடைக்கும்.

என் தீர்ப்பு இது: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கெய்ராங்கரைப் பார்ப்பதுதான் ஆசை என்றால் ஹவிலா. துருவ ஒளிக்காகக் குளிர்காலத்தில் போகிறீர்கள் என்றால் கம்பெனியைப் பார்க்க வேண்டாம். வானம் இருவருக்கும் பொது. அப்போது விலை குறைந்த தேதியை எடுங்கள். இன்னும் வடக்கே இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு ஹுர்டிக்ரூட்டன் நடத்தும் பயணம் இதில் சேராத தனி வழி. ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால், அதற்கு இருமுறை நுழையும் விசா வாங்க வேண்டும். பெர்கன் – கிர்க்கெனெஸ் பயணத்துக்கு ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசாவே போதும். விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன், அந்தத் தேதியில் கிளம்பும் கப்பலின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.