குச்சனூர்ச் சங்குப்பூக் கொடி: வேலிக்கா, வயலுக்கா?

தேனி ஜில்லா உத்தமபாளையம் தாலுகாவில், சின்னமனூருக்கு அருகே சுரபி நதிக்கரையில் உள்ள குச்சனூர், சனீசுவர பகவான் மூலவராகவே எழுந்தருளியிருக்கும் க்ஷேத்திரம். சனிக்கிழமைதோறும், அதிலும் ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில், வெளியூர் ஜனங்கள் திரளாக வருகின்றனர். கருமையும் நீலமும் சனி பகவானுக்கு உகந்தவை என்பது மரபாதலால், எள்ளுடன் நீலநிறப் புஷ்பங்களும் சாத்தப்படுகின்றன. மல்லிகை, சம்பங்கி, செவ்வந்தி, செண்டுமல்லி என்று வெண்மையும் மஞ்சளுமான பூக்களுக்கு நம் பக்கத்தில் குறைவில்லை. சீலையம்பட்டிப் பூச்சந்தைக்கு வருபவையும் பெரும்பாலும் அத்தகையனவே. நீலப்பூவோ அரிது. குளத்து நீலோற்பலத்தை விட்டால், எளிதில் வளர்க்கக் கூடியது சங்குப்பூவாகும்.

இதனைக் காக்கணம் என்றும் காக்கட்டான் என்றும் வழங்குவர். பழந்தமிழில் நீலப்பூவுடையது கருவிளை, வெண்பூவுடையது செருவிளை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் இவ்விரண்டும் இடம் பெற்றுள்ளன. ஆகவே இது புதிதாக வந்த அலங்காரக் கொடி அன்று. நம் வேலிகளில் நெடுங்காலமாகப் படர்ந்திருப்பதே. தனிப்பூ, அடுக்குப்பூ என இருவிதம் உண்டு. பார்வைக்கு அடுக்குப்பூ அழகு. இரண்டிலும் வாசனை கிடையாது.

கொடி பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேகரித்துக் கொடுப்பதால், யூரியா இட வேண்டிய அவசியம் இல்லை. இட்டால் தழை மிகுந்து பூ குறையும். குழியொன்றுக்கு இரண்டு கூடை மக்கிய தொழு உரம் போதும். கரிசல், செம்மண், வண்டல் எதிலும் வளரும். வேண்டுவது வெயிலே. மரநிழலில் நட்டவர்களுக்குக் கொடி கிடைக்கும், பூ கிடைக்காது. வேரூன்றிய பின் வறட்சியைத் தாங்கும். ஆனால் வேரடியில் நாட்கணக்கில் ஜலம் தேங்கினால் இலை மஞ்சளித்து நலியும்.

விதையின் மேற்றோல் கடினமானது. அப்படியே ஊன்றினால் சில உடனே முளைக்கும், சில மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும். ஆதலால் விதையைக் கரடான கல்லில் இலேசாக உரசி, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் ஊன்றவேண்டும். வேலியோரமாக இரண்டு அடிக்கு ஒன்றாக நட்டால் நூறு அடி வேலிக்கு ஐம்பது கொடிகள் ஆகும். ஆறு முதல் எட்டு வாரங்களில் பூக்கத் தொடங்கும். கிளுவை வேலியில் ஏற்றினால் கிளுவையையே மூடிவிடக் கூடுமாதலால் அவ்வப்போது கவாத்து செய்தல் அவசியம். வெட்டிய தழையை மாடும் ஆடும் விரும்பித் தின்னும். ஆஸ்திரேலியாவில் இக்கொடியைத் தீவனத்திற்கென்றே பயிரிடுகிறார்கள். இளங்கொடியை ஆடு கண்டுவிட்டால் ஒன்றும் மிஞ்சாது என்பதையும் இதிலிருந்தே அறியலாம்.

இனி, தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். 1895-ஆம் ஆண்டில் பெரியாறு அணை திறக்கப்பட்டதன் பயனாகக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நஞ்செய் இருபோக நெல் விளையும் பூமியாக இருந்து வருகிறது. கோயிலில் கிராக்கி இருக்கிறதே என்று அந்நஞ்செயில் ஒரு பகுதியைச் சங்குப்பூவுக்கு ஒதுக்குவது விவேகமாகாது. முதற்காரணம், பூவின் ஆயுள். காலையில் மலர்ந்தது மாலைக்குள் வாடிவிடும். சம்பங்கியைப் போல் மூட்டை கட்டித் தூரத்துச் சந்தைக்கு அனுப்ப முடியாது. சனிக்கிழமை விடியலில் பறித்து, ஈர வாழைநாரில் தொடுத்து, அன்றே விற்றாக வேண்டும். மற்ற ஆறு நாட்களும் கொடி பூத்துக்கொண்டேயிருக்கும், வாங்குவோர்தான் குறைவு.

அந்த ஆறு நாள் பூவை உலர்த்தி விற்கலாமே எனின், விற்கலாம். மலேசியா நாட்டின் கிளந்தானில் சோற்றுக்கு நீலநிறம் ஏற்ற இப்பூவையே பயன்படுத்துகின்றனர். தாய்லாந்தில் இதன் பானம் பிரசித்தம். எலுமிச்சைச் சாறு பிழிந்தவுடன் நீலம் ஊதாவாக மாறும் வேடிக்கையை எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அமெரிக்காவில் 2021-இல் இதன் சாற்றைச் சில உணவுகளுக்கு நிறமேற்ற அனுமதித்தனர். ஆனால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலர்ந்த பூவைப் புதிய உணவாக அங்கே விற்பதற்கு 2022-இல் ஆட்சேபம் தெரிவித்தது. இத்தகைய சரக்கிற்கு வாங்குவோரை முன்னதாக உறுதி செய்துகொள்ளாமல் விதைப்பவர், உலர்ந்த பூவை வீட்டில் அடுக்கிவைத்துக் காத்திருக்க நேரிடும். மேலும், பூவின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு ஏறக்குறைய நீரே. பறிப்பதற்கு ஆகும் கூலியை இந்த எடைக் குறைவோடு சேர்த்துக் கணக்கிட்ட பிறகே இதில் இறங்கலாம்.

வேலி, கிணற்றுமேடு, கொல்லைப்புறப் பந்தல் ஆகியவற்றில் வளர்ப்பதே நமது பகுதிக்குப் பொருந்தும். குடும்பத்தாரே பறித்தால் செலவு அற்பம்; வருவது சில்லறை வருமானமாயினும் நெல்லுக்கு உரிய நிலத்தையோ நீரையோ அது பறிப்பதில்லை. கோயிலுக்குச் செல்லும் பாதைகளில் நிழற்பந்தலுக்கு இதனை ஏற்றலாம் என்று பேரூராட்சியாருக்கும் சொல்லத் தகும். வாய்க்கால் கரைகளில் மட்டும் வேண்டாம். தூர் வாரும் வேலைக்குக் கொடி இடைஞ்சலாகும்.

அசுவினி, மாவுப்பூச்சி, செஞ்சிலந்தி ஆகியவை தோன்றினால் வேப்பங்கொட்டைச் சாற்றை நூற்றுக்கு ஐந்து வீதம் தெளிக்கலாம். பானத்திற்கென உலர்த்தும் பூவில் கடும் பூச்சிமருந்து எதுவும் படலாகாது.

விதைக்கு வேண்டிய காய்களைப் பழுப்பு நிறம் வந்தவுடன் பறித்துவிட வேண்டும். தாமதித்தால் முறுக்கிக்கொண்டு வெடித்து விதை சிதறிப்போகும். மொட்டிலேயே தன் மகரந்தத்தால் கருத்தரிப்பது இதன் இயல்பாதலால், அடுக்குப்பூக் கொடியின் விதை பெரும்பாலும் அடுக்குப்பூவையே தரும். விதையும் வேரும் பேதியாக்கும் குணமுள்ளவை. சேகரித்த விதையைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.